பிரிட்ஜ் இல்லாத ரூம், ஒற்றை அடுப்பு, இரண்டு பேர்: மலிவாச் சமைக்கிறது எப்படி? (திருகோணமலை)

உப்புவெளி_ரூம்2:

கம்பஸுக்குப் போய்வர வசதியா நிலாவெளி ரோட்டுப் பக்கம் ரூம் எடுத்து இரண்டு பேர் இருக்கிறம். கையில இருக்கிறது 500 வாட் சின்ன றைஸ் குக்கர், ஒற்றைக் காஸ் அடுப்பு, 5 கிலோ சிலிண்டர், ஒரு தாச்சி, ஒரு சட்டி, ஒரு திருவலை. பிரிட்ஜ் இல்லை. மூன்று நேரமும் கடையில சாப்பிடக் கட்டாது, அதால சமைக்கிறம். ஆனா சமைக்கிறதில பாதி வீணாப் போகுது.

மத்தியானம் ஆக்கின சோறு இரவில நூல் விடுது. சொதி ஒவ்வொரு முறையும் திரையுது. சோயா மீற் ரப்பர் மாதிரி இருக்கு. கடலையை ஊறப்போட்டு ஒன்றரை மணித்தியாலம் அவிச்சும் பல்லுக்குள்ள நறநற எண்டுது, காஸ் போனதுதான் மிச்சம். மீன் வாங்க விருப்பம், ஆனா எது மலிவு, இரண்டு பேருக்கு எவ்வளவு வாங்கிறது, எவ்வளவு நேரம் வைக்கலாம் எண்டு தெரியாது. வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் சைவம்.

ரின்மீனும் நூடில்ஸும் தவிர வேற வழி இருந்தாச் சொல்லுங்கோ. அளவோட சொன்னா நல்லது. "தேவையான அளவு உப்பு" எண்டு எழுதினா எங்களுக்கு விளங்காது.

---

அடுப்படி:

சோற்றில் இருந்து தொடங்குவோம். அரிசியில் இருக்கிற ஒரு வகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. சோறு இளஞ்சூட்டில் மணிக்கணக்காக மூடிக் கிடந்தால் அது முளைத்துப் பெருகும். அது விடுகிற நஞ்சு திருப்பிச் சூடாக்கினாலும் போகாது. நூல் விட்ட சோற்றை மட்டுமல்ல, மணம் மாறத் தொடங்கிய சோற்றையும் கொட்டிவிடுங்க. மத்தியானம் ஒரு மணிக்கு ஆக்கி இரவு எட்டு மணிக்குத் திறக்கிற பழக்கம் இந்த வெக்கைக்குச் சரிவராது.

இரவுக்குத் தனியாக ஆக்குங்க. 500 வாட் குக்கர் 25 நிமிடம் ஓடினால் போகிறது 0.2 யூனிட் மின்சாரம்தான். வீணாகிற சோற்றின் விலை அதைவிடக் கூட. குக்கரோடு வருகிற கோப்பை 180 மில்லி, அதில் ஏறக்குறைய 150 கிராம் அரிசி பிடிக்கும். இரண்டு பேருக்கு ஒரு நேரத்துக்கு ஒன்றரைக் கோப்பை, நல்ல பசி என்றால் ஒன்றேமுக்கால். அவித்த நாட்டரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு தண்ணி, வெள்ளைப் பச்சையரிசிக்கு ஒன்றுக்கு ஒன்றரை. சிவப்புப் பச்சையரிசி என்றால் அரை மணித்தியாலம் ஊறவிட்டு ஒன்றுக்கு இரண்டு. சுவிச் மேலே எழும்பின பிறகு பத்து நிமிடம் திறக்காதீங்க. அந்தப் பத்து நிமிடத்தில்தான் மேல் அரிசிக்கு ஆவி பிடிக்கும்.

குக்கரின் அடியில் இருக்கிறது சூடு பார்க்கிற ஒரு சின்னப் பொத்தான். தண்ணி இருக்கும்வரை சட்டி 100 பாகைக்கு மேல் போகாது. தண்ணி வற்றி சூடு ஏறினதும் அது சுவிச்சை விட்டுவிடும். அதனால் குக்கரில் வெங்காயம் வதக்க, தாளிக்கப் பார்க்காதீங்க. ஒரு நிமிடத்தில் சுவிச் எழும்பும், கரண்டி செருகி அழுத்தி வைத்தால் அந்தப் பொத்தான் பழுதாகும். அவிக்கிற வேலை மட்டும் அதுக்குக் குடுங்க. கழுவின முட்டையை அரிசிக்கு மேல் வைத்தால் சோறும் முட்டையும் ஒன்றாக முடியும். தோலோடு நாலாக வெட்டின உருளைக்கிழங்கும் அப்படித்தான். ஒரு சதமும் கூடச் செலவில்லை.

கறி வைக்க நேரமில்லாத நாளுக்குப் பருப்புச் சோறு. ஒரு கோப்பை அரிசி, அரைக் கோப்பை மைசூர்ப் பருப்பு, மூன்றரைக் கோப்பை தண்ணி, கால் தேக்கரண்டி மஞ்சள், ஒரு தேக்கரண்டி உப்பு, தட்டின உள்ளி நாலு பல்லு, கீறின பச்சை மிளகாய் இரண்டு. எல்லாத்தையும் போட்டு சுவிச்சை அழுத்துங்க. பருப்பு நுரைக்கும், மூடிக்கு வெளியால பொங்கி வடியும். அதுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் முதலே விட்டு, முதல் பத்து நிமிடம் மூடியைக் கொஞ்சம் சரித்து வையுங்க. இறக்கின பிறகு தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், கடுகு, செத்தல் மிளகாய் இரண்டு, சின்ன வெங்காயம் ஆறு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்க. தாளிதம் இல்லாவிட்டால் இது நோயாளிச் சாப்பாடு.

மிச்சச் சோறு வரும் என்று தெரிந்தால் அது இரவுச் சோறாக இருக்கட்டும். சாப்பிட்டு முடிந்த கையோடு ஆறவிட்டு, சோறு மூழ்கக் குடிக்கிற தண்ணி ஊற்றி வைத்தால் காலையில் பழஞ்சோறு. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, இருந்தால் தயிர். காலை எட்டு மணியைத் தாண்ட விடாதீங்க.

---

சல்லிக்கரை:

மீனுக்கு நான் சொல்லுறன்.

இந்தக் கரையில கடல் அமைதியா இருக்கிறது சித்திரையில இருந்து புரட்டாதி மட்டும். அப்ப சூடை, கீரி, நெத்தலி தாராளமா வரும். வாடைக்காத்து தொடங்கி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில கடல் அடிக்கேக்க சின்ன வள்ளங்கள் போகாது, விலை ஏறும். அந்த மாசங்களில கருவாட்டுக்கும் முட்டைக்கும் மாறுங்கோ. சூடை மலிஞ்சிருக்கிற ஆனி, ஆடியில ரின்மீன் வாங்கிறது, தம்பி, காசைக் கடலில போடுறதுக்குச் சமன்.

பாரை, விளைமீன் துண்டுகளுக்குப் போகாதேங்கோ. இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு சூடை 300 கிராம் போதும். தலையும் குடலும் போனா 200 கிராம் அளவில நிக்கும். கண் தெளிவா முழிச்சிருக்கோணும், செவுள் சிவப்பா இருக்கோணும், வயிறு வெடிச்சிருக்கக் கூடாது. சூடைக்கு முதல்ல பழுதாகிறது வயிறுதான். பெருவிரலால வயித்தை லேசா அமத்திப் பாருங்கோ, குழி விழுந்து அப்பிடியே நிண்டா விட்டுட்டு வாங்கோ.

காலையில வாங்கினா உடன துப்பரவாக்கோணும். வால் பக்கத்தில இருந்து தலைப்பக்கம் கத்தி முதுகால இழுத்தாச் செதிள் போயிடும். தலையை முழுசா வெட்டாம முக்கால்வாசி வெட்டி இழுங்கோ, குடல் தலையோட சேர்ந்து வந்திடும். பிறகு உப்புத் தண்ணியில ரெண்டு தரம் கழுவுங்கோ. லெக்சருக்கு ஓடவேணும் எண்டா கழுவி, உப்பும் மஞ்சளும் பிரட்டி வைச்சிட்டு மத்தியானம் வந்து சமைக்கலாம் எண்டு நினைக்காதேங்கோ. சூடை, சூரை, கும்பளா மூண்டும் சூட்டில கிடந்தா மீனின்ர உடம்பில ஹிஸ்டமின் எண்ட நஞ்சு சேரும். அது கொதியில போகாது, பொரிச்சாலும் போகாது. சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில முகம் சிவந்து, உடம்பு தடிச்சு, தலை இடிக்கும். சனம் அதை "மீன் ஒத்துக்கொள்ளேல்ல" எண்டு சொல்லும். மீனில பிழையில்லை, வைச்ச விதத்தில பிழை. நாக்கில மிளகு கடிச்ச மாதிரிச் சுள்ளெண்டா அந்தக் கறியை அப்பிடியே விடுங்கோ.

வைக்க வேண்டியது பால் விடாத புளிக் கறி. தேசிக்காயளவு பழப்புளியை 300 மில்லி தண்ணியில கரைச்சு வடியுங்கோ. அதுக்குள்ள வறுத்த கறித்தூள் ஒண்டரை மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி, தட்டின உள்ளி ஆறு பல்லு, வெங்காயம், கறிவேப்பிலை. முதல்ல குழம்பை மட்டும் எட்டு நிமிசம் கொதிக்க விடுங்கோ, தூள் மணம் போகட்டும். பிறகு மீனைப் போட்டு ஏழு நிமிசம். கரண்டி போடக் கூடாது, சட்டியைப் பிடிச்சு ஆட்டிவிடோணும். பச்சைத் தண்ணியில மீனையும் தூளையும் ஒண்டாப் போட்டா தூள் அவியிறதுக்குள்ள மீன் கரைஞ்சிடும், பிறகு முள்ளைத்தான் பொறுக்கோணும்.

காலையில வைச்ச கறியை மத்தியானத்துக்கு ஒருக்கா, இரவுக்கு ஒருக்கா நல்லாக் கொதிக்க வைச்சுச் சாப்பிடலாம். கொதிக்க வைச்ச பிறகு ஈரக் கரண்டி, சோத்துக் கரண்டி உள்ள போகக் கூடாது. தேங்காய்ப்பால் விட்ட மீன் கறி எண்டா அந்த நேரமே முடிக்கோணும்.

நெத்தலிக் கருவாடு 100 கிராம் எப்பவும் ஒரு போத்தலில இருக்கட்டும். தலையைக் கிள்ளிட்டு, சுடுதண்ணியில அஞ்சு நிமிசம் ஊறவிட்டு, பிழிஞ்சு ஈரம் உலர்த்திப் பொரியுங்கோ. ஈரத்தோட எண்ணெயில போட்டா வெடிக்கும். ஒரு கைப்பிடி பொரிச்ச நெத்தலியும் ஒரு பெரிய வெங்காயமும் தூள் மிளகாயும் பிரட்டினாச் சோத்துக்கும் பாணுக்கும் காணும். உப்புப் போடவே வேண்டாம்.

---

கன்னியா_சுடுதண்ணி:

கடலை அவியாததுக்குக் காரணம் தண்ணியாக இருக்கலாம். கிணற்றுத் தண்ணி பாவிக்கிறீங்களா? கடற்கரைப் பக்கக் கிணறுகளில் சுண்ணாம்பும் உவரும் கூடின தண்ணி வாறது உண்டு. கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடித்தால் அதுதான் அடையாளம். தண்ணியில் இருக்கிற கல்சியம் கடலைத் தோலை இறுக்கிவிடும், பிறகு எவ்வளவு காஸ் எரித்தும் பயனில்லை. குழாய்த் தண்ணி கிடைத்தால் ஊறப்போடவும் அவிக்கவும் அதையே எடுங்க. கிடைக்காவிட்டால் ஊறவிடும் தண்ணியில் 200 கிராம் கடலைக்குக் கால் தேக்கரண்டி அப்பச்சோடா போட்டு, எட்டு மணித்தியாலம் கழித்து அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணியில் அவியுங்க. கூடப் போட்டால் சவர்க்கார ருசி வரும். இன்னொன்று, பழைய கடலை. கடையில் வருசக் கணக்காகக் கிடந்தது என்ன செய்தாலும் அவியாது. தோல் சுருங்கி நிறம் கறுத்ததை வாங்காதீங்க. தக்காளி, புளி எல்லாம் கடலை அவிந்த பிறகுதான். புளிப்பும் தோலை இறுக்கும்.

உண்மையைச் சொன்னால், ஒற்றை அடுப்பு ரூமுக்குக் கடலை தோதான சாமான் இல்லை. பயறு வாங்குங்க. 100 கிராம் பயறை இரவு ஊறவிட்டால் காலையில் இருபது நிமிடத்தில் அவிந்துவிடும். இன்னும் சிக்கனம் வேண்டுமென்றால் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு அடுப்பை நிற்பாட்டி, சட்டியை மூடி, பழைய துவாயால் சுற்றி நாற்பது நிமிடம் விடுங்க, மிச்சத்தைச் சட்டியின் சூடே பார்த்துக்கொள்ளும். தேங்காய்ப்பூ, உப்பு, கட்டச் சம்பல் சேர்த்தால் இரண்டு பேரின் காலைச் சாப்பாடு.

காஸ் கணக்கு: சாதாரண ஒற்றை அடுப்பு முழுச் சுவாலையில் மணித்தியாலத்துக்கு 150 கிராம் அளவில் எரிக்கும். 5 கிலோ சிலிண்டர் 33 மணித்தியாலம். ஒரு நாளைக்கு முக்கால் மணித்தியாலம் எரித்தால் ஆறு கிழமை தாண்டும். ஒன்றரை மணித்தியாலக் கடலை என்பது இரண்டு நாள் சமையல்.

சோயா: உலர்ந்த சோயாவை நேரே கறிக்குள் போடுகிறதால்தான் ரப்பர். கொதித்த தண்ணியில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிடுங்க. பிறகு கையால் இறுக்கிப் பிழியுங்க. வாற தண்ணி கலங்கல் மஞ்சளாக, ஒரு மாவு மணத்தோடு இருக்கும். பச்சைத் தண்ணி விட்டு மறுபடி பிழியுங்க. மூன்றாம் தரம் தண்ணி தெளிவாக வரும், அதுவரை பிழிய வேண்டும். பெரிய துண்டென்றால் இரண்டாக வெட்டுங்க. தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு ஓரம் சிவக்கும்வரை பிரட்டினபிறகு வெங்காயம், தூள், முக்கால் கோப்பை தண்ணி. மூடி வைத்துப் பன்னிரண்டு நிமிடம். பிழிந்த சோயா கடற்பஞ்சு மாதிரி, குழம்பை உறிஞ்சும். பிழியாத சோயாவுக்குள் பழைய தண்ணி நிற்கிறதால் குழம்பு உள்ளே போக இடமில்லை.

ஒரு சின்ன விசயம்: கேத்திலையும் குக்கரையும் ஒரே நீட்டு வயரில் ஒன்றாகப் போடாதீங்க. கேத்தில் தனியாகவே 1500 வாட்டுக்கு மேல் இழுக்கும். மலிவு வயர் இளகி, பிளக் கறுத்துவிடும்.

---

உப்புவெளி_ரூம்2:

எல்லாருக்கும் நன்றி. கேத்திலுக்கு அடியில வெள்ளைப் படை இருக்கு, அப்ப தண்ணிதான் போல. சல்லிக்கரை அண்ணா சொன்ன அளவு தூள் போட்டு முட்டைக் குழம்பு வைச்சுப் பாத்தம், வாய் எரிஞ்சு போச்சு. கடையில மிளகாய்த்தூள் எண்டு கேட்டு வாங்கினது. சொதிக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லேல்ல. கிழமைக்கு என்னென்ன வாங்கிறது எண்டும் ஆராவது சொல்லுங்கோ.

---

முருங்கையிலை:

நீங்கள் வாங்கினது தனி மிளகாய். "கறித்தூள்" என்று கேட்டு வாங்க வேணும், அதில் மல்லி, சீரகம், சோம்பு எல்லாம் சேர்ந்திருக்கும். மீன், முட்டை, சோயாவுக்கு வறுத்த தூள். பருப்பு, மரக்கறிக்கு வறுக்காத தூள் அரைத் தேக்கரண்டியோ, தூளே இல்லாமல் பச்சை மிளகாயோ போதும். வாங்கின தனி மிளகாயை எறியாதீங்க, சம்பலுக்கும் நெத்தலிக்கும் உதவும்.

சொதிக்கு வருவோம். அரைத் தேங்காயைத் திருவி, அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணி விட்டுப் பிழிந்தது தலைப்பால், அதைத் தனியாக வையுங்க. அதே பூவுக்கு ஒன்றரைக் கோப்பை தண்ணி விட்டுப் பிழிந்தது இரண்டாம் பால். வெங்காயம், கீறின பச்சை மிளகாய் மூன்று, கால் தேக்கரண்டி மஞ்சள், அரைத் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை எல்லாத்தையும் இரண்டாம் பாலில் போட்டுப் பத்து நிமிடம் அவியுங்க. பிறகு நெருப்பை நல்லாக் குறைத்து, முக்கால் தேக்கரண்டி உப்பு, தலைப்பால் விட்டு, கரண்டியால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே நில்லுங்க. சட்டியின் ஓரத்தில் சின்ன முத்து முத்தாக நுரை வரும், நடுவில் இன்னும் அசைவு இருக்காது. அந்த நேரம் இறக்க வேணும். நடுவும் கொதித்தால் பாலில் இருக்கிற எண்ணெயும் தண்ணியும் பிரிந்துவிடும். தேசிப்புளி அடுப்பில் வைத்துக்கொண்டு விடுகிறதுதான் அடுத்த பிழை: புளிப்பும் சூடும் சேர்ந்தால் பால் உடனே திரையும், தேசிக்காயும் கசக்கும். இறக்கி ஐந்து நிமிடம் ஆறின பிறகு பாதித் தேசிக்காய் பிழியுங்க. தக்காளி போடுகிறதென்றால் இரண்டாம் பாலோடு போட்டுக் கரைய விடுங்க. சொதியை மூடி வைக்காதீங்க, அந்த நேரச் சாப்பாட்டோடு முடித்துவிடுங்க.

பிரிட்ஜ் இல்லாத ரூமில் காசு போகிற பெரிய ஓட்டை தேங்காய். உடைத்தால் கண் உள்ள பாதிதான் முதலில் பழுதாகும், அதை முதலில் திருவுங்க. மற்றப் பாதியின் உள்பக்கம் விரலால் உப்புப் பூசி, கவிழ்த்து, காற்றுப் படுகிற இடத்தில் வைத்தால் அடுத்த நாள் வரை நிற்கும். வழுவழுப்பாக இருந்தால், மஞ்சள் நிறமானால் திருவாதீங்க. ஒரு நாள் சொதி, அடுத்த நாள் ரொட்டியோ வறையோ என்று வைத்துக்கொண்டால் தேங்காய் வீணாகாது.

ரொட்டிக்கு அளவு: கோதுமை மா 250 கிராம், அந்த மிச்சப் பாதித் தேங்காயின் பூ, உப்பு முக்கால் தேக்கரண்டி. முதலில் பூவையும் மாவையும் தண்ணியில்லாமல் விரலால் உதிர்த்துப் பிசையுங்க. பூவின் பால் மாவில் ஏறின பிறகு தண்ணி கொஞ்சம் கொஞ்சமாக, ஏறக்குறைய 120 மில்லி. நிறையப் பிசைந்தால் இழுவையாகும். ஐந்து உருண்டை, சுண்டுவிரல் தடிப்பில் தட்டி, நடுத்தர நெருப்பில் பக்கத்துக்கு நாலு நிமிடம். கூடின நெருப்பில் வெளி கருகி உள்ளே மா பச்சையாக இருக்கும்.

கீரை தினமும் ஒரு பிடி. பொன்னாங்காணி, முருங்கை இலை, எது மலிவோ அது. பொடியாக அரிந்து, தாச்சியில் வெங்காயம் வதக்கி, கீரையும் உப்பும் போட்டு மூடாமல் நாலு நிமிடம் பிரட்டி, தேங்காய்ப்பூ இரண்டு மேசைக்கரண்டி தூவி இறக்கினால் வறை. தண்ணி தெளிக்க வேண்டாம், கீரைத் தண்ணியே போதும். மூடினால் நிறம் மங்கும். முருங்கை இலைக்கு மட்டும் ஒரு கை தண்ணி தெளிக்கலாம், அது வறண்ட இலை. மரவள்ளிக்கிழங்கும் மலிவுதான், ஆனால் தோலோடு உள்பட்டையையும் உரித்து, திறந்த சட்டியில் நிறையத் தண்ணியில் அவித்து அந்தத் தண்ணியை ஊற்றிவிட வேணும். அதில் இருக்கிற நஞ்சு ஆவியோடும் தண்ணியோடும்தான் போகும். கசக்கிற கிழங்கைச் சாப்பிடாதீங்க.

கிழமைக்கு இரண்டு பேருக்கு: அரிசி இரண்டரைக் கிலோ, கோதுமை மா ஒரு கிலோ, மைசூர்ப் பருப்பு அரைக் கிலோ, பயறு 200 கிராம், முட்டை பத்து, சோயா ஒரு பக்கெற், தேங்காய் நாலு, எண்ணெய் 250 மில்லி, பெரிய வெங்காயம் அரைக் கிலோ, உள்ளி 50 கிராம், பழப்புளி 100 கிராம். இதெல்லாம் ஒரே தரத்தில் வாங்கலாம். கீரை, மீன் மட்டும் அன்றன்றைக்கு. பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளிவிட்டு, ஈரமில்லாமல் கடதாசியில் சுற்றி வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். காம்போடு வைத்தால் அழுகல் அந்த இடத்தில்தான் தொடங்கும். மரக்கறி வாங்கச் சந்தைக்குப் பின்னேரம் போங்க, வியாபாரிகள் மிச்சத்தைக் கட்டிக் குடுக்கிற நேரம். ஆனால் மீனுக்குக் காலைதான், பின்னேர மலிவு மீன் என்ன செய்யும் என்று மேலே எழுதியிருக்கு.

வெள்ளிக்கிழமைக்குச் சோறு, பருப்பு, கத்தரிக்காய் வெள்ளைக்கறி, கீரை வறை. பருப்பு 100 கிராம், மூன்று தரம் கழுவி 350 மில்லி தண்ணி, உள்ளி, மஞ்சள், பச்சை மிளகாய். பதினைந்து நிமிடத்தில் மசியும், பிறகு உப்பும் தலைப்பால் கால் கோப்பையும் விட்டு ஒரு கொதி காட்டி இறக்குங்க. பெரிய நெருப்பில் விட்டால் அடிப்பிடிக்கும், நுரையை எடுக்காமல் மூடி வைத்தால் பொங்கி வடியும். முதல் நுரையைக் கரண்டியால் அள்ளி எறிந்துவிட்டு நெருப்பைக் குறையுங்க. மீன் சட்டியில் வியாழன் இரவே தேசிக்கோதும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வைக்காவிட்டால், வெள்ளிக்கிழமைப் பருப்பில் சூடை மணக்கும்.

---

உப்புவெளி_ரூம்2:

அக்கா, கத்தரிக்காய் வெட்டினா உடன கறுக்குது, அதுக்கு?

---

முருங்கையிலை:

வெட்ட வெட்ட உப்புத் தண்ணிக்குள் போடுங்க, அடுப்புச் சூடாகின பிறகுதான் வெளியில் எடுக்க வேணும்.